அம்புக்கு இறகு தயாரித்தல்: இரண்டு ஸ்கேலும் ஓர் உப்புத்தாளும்

அம்பின் வால்பகுதியில் ஒட்டப்படும் இறகு, காற்றின் இழுப்பைப் பின்புறத்தில் தாங்கி அம்பை நேராகச் செலுத்துகிறது. மரவில்லில் அம்பு பிடியை உரசியபடியே வெளியேறுவதால், அந்த உரசலில் மடங்கிக்கொடுத்து உடனே நிமிரும் பறவை இறகே பிளாஸ்டிக் இறகைவிட அதற்குப் பொருத்தமானது.

வான்கோழியின் சிறகிலுள்ள நீண்ட பறப்பிறகுகள் இதற்கு மிக ஏற்றவை. கூஸ் வாத்தின் சிறகிறகும் நன்றாக உழைக்கும். ஐந்தாம் ஹென்றி மன்னர் 1417இல் இங்கிலாந்தில் ஒவ்வொரு கூஸிலிருந்தும் ஆறு சிறகிறகுகளை எடுக்க ஆணையிட்டது அம்புகளுக்காகத்தான். உடலிறகுகள் மென்மையானவை, அவற்றைத் தவிர்க்கவும். வளர்ப்புப் பறவைகளின் இறகை இறைச்சிக் கடையிலோ பண்ணையிலோ கேட்டுப் பெறுங்கள். காட்டுப் பறவைகளுக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் இருப்பதால், அவற்றின் பக்கம் போகவே வேண்டாம்.

இறகுகளை வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கசங்கியவற்றைக் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் சில விநாடிகள் காட்டி, அடியிலிருந்து நுனி நோக்கி விரலால் நீவினால், பிரிந்த இழைகள் மீண்டும் கோத்துக்கொள்ளும்.

அடுத்து, எல்லா இறகுகளையும் நுனி எதிரே இருக்க, புடைத்த பக்கம் மேலே தெரிய மேசைமீது வரிசையாக வையுங்கள். நடுத்தண்டின் ஒரு பக்கம் இழைகள் குறுகலாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும். குறுகிய பக்கம் இடப்புறம் அமைந்தவை ஒரு சிறகுக்கும் வலப்புறம் அமைந்தவை மற்றதற்கும் உரியவை. இரண்டின் வளைவும் எதிரெதிரானது என்பதால், ஓர் அம்பில் இரண்டையும் கலந்தால் அம்பு சீராகச் சுழலாது. ஆகவே இரண்டையும் தனித்தனிக் கட்டுகளாகப் பிரித்துவிடுங்கள்.

அடியிலுள்ள வெறுங்குழலை, பல்லின் வெண்மைக்குப் பழம்புலவர்கள் உவமை சொன்ன அந்த முருந்தை, முதலில் வெட்டி அகற்றுங்கள். பின்பு இறகைப் பலகையில் குப்புற வைத்து, தண்டின் அடிப்புறத்தில் ஓடும் பள்ளத்தின் வழியே கூரான கத்தியால் நெடுக இரண்டாகப் பிளக்க வேண்டும். கத்தியை ஒரே மூச்சில் அழுத்தாமல், மூன்று நான்கு முறை மெல்லக் கீறிச் செல்வதே பாதுகாப்பு. அகலமான பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையின் உயிர்நாடி இனிவரும் தேய்ப்புதான். தண்டின் எச்சம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் இறகு அம்பில் சாய்ந்து ஒட்டும். எவ்வளவு நல்ல பசையாலும் அதைத் திருத்த முடியாது. இதற்கென விற்கும் இடுக்கி தேவையில்லை. இரண்டு எஃகு ஸ்கேல்களுக்கிடையே இழைகளை வைத்து, தண்டு மட்டும் விளிம்புக்கு மேலே சிறிது நீட்டிக்கொண்டிருக்குமாறு இரு முனைகளிலும் பைண்டர் கிளிப்பால் இறுக்குங்கள். கண்ணாடித் துண்டில் ஒட்டிய நடுத்தர உப்புத்தாளின்மீது இதைக் கவிழ்த்து, நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனில், விரலால் வளைத்தால் இலகுவாக வளையும் தட்டையான பட்டையாகத் தண்டு மாறியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் இழைகளின் வேரே அறுந்துவிடும். இறகுத்தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

பின்னர், அட்டையில் வெட்டிய அச்சை வைத்து, 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மிகாத உயரமும் வருமாறு கத்தரியுங்கள். அச்சின் தாழ்ந்த முனை இறகின் அடிப்பக்கத்தில் அமைய வேண்டும், ஏனெனில் ஒட்டும்போது அந்த முனையே அம்பின் கூர்முனையை நோக்கி நிற்கும். நூலால் கட்டி ஒட்டுவதானால், இரு முனைகளிலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இழைகளைக் களைந்து பட்டையை மட்டும் விட்டுவையுங்கள்.

ஒரே பக்கத்துச் சிறகைச் சேர்ந்த, உயரமும் விறைப்பும் ஒத்த மூன்றை ஒன்றாகச் சேர்த்து, உலர்ந்த வேப்பிலையுடன் டப்பாவில் மூடி வையுங்கள்.