பல கட்டுகளிலிருந்து உங்களுக்கென்று ஒரு டாரட் கட்டு

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருக்கும் என் அத்தையிடம் ஒரு பழைய மார்சேய் டாரட் கட்டு உண்டு, விரித்து வைத்துக் குறி பார்க்கும் படச்சீட்டுக் கட்டு. 78 சீட்டு இருக்க வேண்டியதில் 61தான் மிச்சம். நாணய வகை 14ம் காணோம். சின்ன வயதில் நானும் தம்பியும் கடை வைத்து விளையாட அவற்றைத்தான் காசாக எடுத்துக்கொண்டு போனோம். நட்சத்திரம், நிலா, சூரியன் மூன்றும் எப்போது தொலைந்தன என்று அத்தைக்கே நினைவில்லை. புதுக் கட்டு வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். சரி, இதையே முழுசாக்கித் தருவோம் என்று உட்கார்ந்தபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாய்க்கட்டு

முதலில் ஒரு கட்டைத் தாய்க்கட்டாக வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் சீட்டுகள் அதிலிருந்து வரட்டும். ஐந்தாறு கட்டுகளிலிருந்து சம அளவில் எடுத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் விரித்து வைத்துப் படிக்கும்போது கண் ஒரு இடத்தில் நிற்காது.

சீட்டுப் படங்களில் பல மரபுகள், அதாவது வழிகள் உண்டு. தொடக்கக்காரர்களுக்கு இரண்டு போதும். ஒன்று பழைய பிரெஞ்சு மரபான மார்சேய் வழி. 1760இல் நிக்கோலா கோன்வேர் அச்சிட்ட கட்டு அதில் பெயர்பெற்றது. இன்னொன்று 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர்-வெய்ட் கட்டு. அதன் படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். இன்று கடைகளில் கிடைப்பவற்றில் நிறைய இந்த இரண்டாவதன் பிள்ளைகள்தான்.

மொரீஷியஸில் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'தாரோ' என்று கேட்டால் சீட்டாட்டத்துக்கான பிரெஞ்சுக் கட்டை எடுத்துத் தந்துவிடலாம். அதிலும் 78 சீட்டுதான். ஆனால் கோப்பை, வாள் இருக்கும் இடத்தில் ஆர்ட்டின், ஸ்பேட் இருக்கும். பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள். சீட்டு குறைந்த கட்டு யாரிடமாவது கிடைத்தால் இன்னும் நல்லது. முழுசாக இருக்கும் நல்ல கட்டைப் பிரிக்க எனக்கு மனம் வராது.

நோட்டில் 78 வரி

நீதி, நிலா, சூரியன் என்று தனித்தனிப் பெயர் கொண்ட பெரிய சீட்டு 22. மீதி கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நான்கு வகை. ஒவ்வொன்றிலும் ஏஸிலிருந்து பத்து வரை, பிறகு சேவகன், குதிரைவீரன், ராணி, ராஜா. ஒரு நோட்டில் 78 வரி போட்டு, இருப்பதற்கு எதிரே டிக் அடியுங்கள்.

இங்கே பலர் தடுமாறும் இடம் எண்கள். மார்சேயில் நீதி 8, வலிமை 11. ரைடர்-வெய்ட்டில் வலிமை 8, நீதி 11. மார்சேய் கட்டில் வலிமை தொலைந்து, அதை ரைடர்-வெய்ட்டிலிருந்து எடுத்தால் உங்கள் கட்டில் இரண்டு எட்டு இருக்கும், பதினொன்று இருக்காது. அதனால் எண்ணைப் பார்த்துத் தேடாதீர்கள், பெயரைப் பார்த்துத் தேடுங்கள். ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த தோத் கட்டில் சிக்கல் இன்னும் கூடுதல். அதில் ராஜா என்று ஒரு சீட்டே கிடையாது, குதிரைமேல் வரும் வீரன்தான் அந்த இடத்தில். முதல் கட்டுக்கு அதைக் கலக்காமல் இருப்பது நல்லது.

இடைவெளியை நிரப்புவது

நான் முதலில் செய்த தவறு இது. தொலைந்த 14 நாணயங்களை ஒரு ரைடர்-வெய்ட் கட்டிலிருந்து அப்படியே எடுத்துச் செருகினேன். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. அத்தை மூன்று சீட்டு எடுத்தார்: கோப்பை இரண்டு, நாணயம் ஐந்து, வாள் ஏழு. மார்சேயின் கோப்பை இரண்டில் மனிதர்கள் இல்லை, இரண்டு கோப்பையும் பூவேலையும்தான். வாள் ஏழும் வளைந்த வாள்களின் கோலம். நடுவில் ஸ்மித்தின் நாணயம் ஐந்து: கொட்டும் பனியில், வெளிச்சமான தேவாலயச் சன்னலுக்கு வெளியே இரண்டு ஏழைகள் நடக்கிறார்கள், ஒருவர் ஊன்றுகோலோடு. அத்தையின் விரல் அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்துச் சீட்டுகள் இரண்டும் வாயே திறக்கவில்லை.

ஒரு வகையில் எண்சீட்டுகளுக்குக் கதைப்படம் இருந்து மற்ற மூன்றில் இல்லாவிட்டால், எந்தக் கேள்வி கேட்டாலும் அந்த வகைதான் சத்தமாகப் பேசும். ஆகவே 40 எண்சீட்டுகளும் ஒரே வழியைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். பிறகு சீட்டு குறைந்த இன்னொரு மார்சேய் கட்டு கிடைத்தது. நாணயங்கள் 14ஐயும் அதிலிருந்து எடுத்தேன்.

பெரிய சீட்டுகளில் அவ்வளவு கெடுபிடி வேண்டாம். நட்சத்திரமும் நிலாவும் இரண்டு வழியிலும் கிட்டத்தட்ட ஒரே காட்சி: இரண்டு குடத்திலிருந்து நீர் ஊற்றும் பெண், நிலவைப் பார்த்து நிற்கும் இரண்டு விலங்குகள், கீழே குளத்து நண்டு. அவற்றை ஸ்மித்திடமிருந்தே எடுத்தேன். சூரியனை மட்டும் மார்சேயிலிருந்து எடுத்தேன். ஸ்மித்தின் சூரியனில் வெள்ளைக் குதிரைமேல் ஒரு குழந்தை தனியாக வருகிறது. மார்சேயில் சுவர் ஓரம் இரண்டு பிள்ளைகள். அத்தை அதைப் பார்த்ததும், "நீயும் உன் தம்பியும்" என்றார். அப்படிப் புத்தகத்தைத் திறக்காமல் வாயில் வார்த்தை வருகிற சீட்டுதான் உங்கள் சீட்டு. அழகான சீட்டை விட அதை எடுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. அத்தையின் கோபுரச் சீட்டு ஓரமெல்லாம் கிழிந்து கிடந்தது, மாற்றலாமா என்று கேட்டேன். வானத்திலிருந்து வண்ண உருண்டைகள் கொட்ட, இரண்டு பேர் தலைகீழாக விழும் படம். அத்தைக்கு அது 1960 பிப்ரவரியின் கரோல் புயல், கூரை போன ராத்திரி. அந்த உருண்டைகளை அவர் மழை என்றே சொல்வார். கை வைக்காமல் விட்டுவிட்டேன். ஏற்கெனவே அர்த்தம் ஊறிய சீட்டை, கிழிந்தது என்பதற்காக மாற்றாதீர்கள்.

அளவும் முதுகும்

சேர்க்கப் போகும் ஒவ்வொரு சீட்டையும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பல டாரட் கட்டுகள் 70 மி.மீ. அகலம், 120 மி.மீ. உயரம். மார்சேய் கட்டுகள் பல இதைவிட ஒடுக்கமாக, கொஞ்சம் நெட்டையாக இருக்கும். எல்லாவற்றிலும் பெரிய சீட்டு நுழையும் அளவுக்கு பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். உறையின் பின்பக்கம் சீட்டின் முதுகு வெளியே தெரியாத அடர்நிறமாக இருக்க வேண்டும். முதுகு வேறு வேறாக இருந்தால் திருப்பும் முன்பே எது புதுச் சீட்டு என்று தெரிந்துவிடும், அப்புறம் கை தன்னறியாமலே தேர்ந்தெடுக்கும். முதுகில் காகிதம் ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள், சீட்டு தடித்து வளைந்துவிடும்.

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கத்தரிக்கோல் வேண்டாம். இரும்பு ஸ்கேலும் பிளேடும் வைத்து, முதலில் வேண்டாத சீட்டில் பழகுங்கள். கூரான மூலையை லேசாக வட்டமாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் உறையைக் கிழிக்கும்.

உறைக்குள் போடும் முன் சீட்டு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நான் இருப்பது கியூர்பீப்பில். மழையும் ஈரமும் விடாத மேட்டு ஊர் இது. ஈரத்தோடு உறையில் போட்டால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். சீட்டுகளை வெயிலில் காய வைத்தால் வளையும், சாயமும் போகும். கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு வாரம் வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைச் சீட்டுப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

முதல் கலைப்பு

புது உறை வழுக்கும், கையில் வைத்துக் கலைத்தால் சிதறும். தரையில் துணி விரித்து, 78ஐயும் குப்புறப் பரப்பி, இரண்டு கையாலும் மாவு பிசைவது போல வட்டமாகக் கலையுங்கள். புதிதாகச் சேர்த்தவை ஒரே இடத்தில் அடுக்காகத் தங்கியிருக்கும், நாலைந்து முறை செய்தால்தான் பரவும். அத்தை இதை மடியில் தலையணை வைத்து அதன்மேல் செய்கிறார். முட்டி வலிக்காதாம்.