வீட்டில் இருப்பது ஒரே போன்: பிள்ளையிடம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

பிள்ளைக்கென்று தனியாக ஒரு டேப் வாங்குங்கள், அதில் ஃபேமிலி லிங்க் (பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த கூகுள் தரும் ஆப்) போடுங்கள் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் அப்படி எந்த வீடும் இல்லை. இருப்பது அம்மாவின் போன் ஒன்று. ஜிபே, பேங்க் மெசேஜ், ஸ்கூல் வாட்ஸப் குரூப், சாயங்காலக் கார்ட்டூன் எல்லாம் அதில்தான். அந்தப் போனைச் சின்னப் பிள்ளையிடம் எப்படிக் கொடுப்பது என்று மட்டும் இங்கே சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போனுக்கான வழி இது.

முதலில் நம்பர். போன் லாக்குக்கும் யுபிஐக்கும் ஒரே நம்பர் வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை நாம் அழுத்துவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அப்படியே பிளே ஸ்டோர் செட்டிங்ஸுக்குப் போய், எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

அடுத்து யூடியூப் கிட்ஸ், பிள்ளைகளுக்கென்றே இருக்கும் தனி யூடியூப் ஆப். சாதா யூடியூபிலேயே பெரியவர்களுக்கான வீடியோக்களை மறைக்கும் ரெஸ்ட்ரிக்டெட் மோடு இருக்கிறதே என்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. செட்டிங்ஸைத் திறக்கத் தெரிந்த பிள்ளை அதை அணைத்துவிடும். யூடியூப் கிட்ஸை இறக்கி, உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, பிள்ளைக்கு ஒரு புரொஃபைல் உண்டாக்குங்கள். 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று மூன்று பிரிவு காட்டும். மூன்றுமே வேண்டாம் என்பேன். நாமே வீடியோக்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வசதி தனியாக இருக்கிறது. அதைப் போட்டால் தேடும் வசதி போய்விடும், நாம் சேர்த்தது மட்டும்தான் வரும். ஒரு சேனலை முழுசாகச் சேர்த்தால் அதில் நாளைக்கு வரும் வீடியோவும் உள்ளே வந்துவிடும். அதனால் தெரிந்த சேனல் என்றால் சரி, மற்றதெல்லாம் வீடியோ வீடியோவாகச் சேர்ப்பதுதான் நல்லது. பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டும் சேனல்களை நான் சேர்ப்பதே இல்லை. அப்புறம் அந்தப் பொம்மையைத் தேடி மின்ட் கடைத்தெரு வரை அலைய வேண்டியிருக்கும்.

இனி பூட்டு. பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது. ஓரத்தில் இருக்கும் பூட்டுப் படத்தைத் தொட்டால் பெற்றோர் பகுதி திறக்கும். திறக்க ஒரு பெருக்கல் கணக்கு கேட்கும், அவ்வளவுதான் காவல். எங்கள் வீட்டுப் பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டே, பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த என் அம்மாவிடம், "ஆயா, ஏழெட்டு எவ்ளோ?" என்றாள். கடைக் கணக்கு பார்த்துப் பழகிய கை, தலையைத் திருப்பாமலே பதில் வந்தது: "அம்பத்தாறு." பிள்ளை வாய்ப்பாடு படிக்கிறது என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. அந்தக் கணக்குக்குப் பதிலாக உங்கள் சொந்த நாலு இலக்க எண்ணை வைக்க அதே இடத்தில் வழி இருக்கிறது. வைத்துவிடுங்கள். அது யுபிஐ எண்ணாக இருக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் செய்தாலும், ஆப்பை விட்டு வெளியே வந்தால் மொத்தப் போனும் பிள்ளை கையில்தான். அதற்குத்தான் ஆப் பின்னிங், அதாவது ஒரே ஒரு ஆப்பை மட்டும் திரையில் பூட்டி வைக்கும் வசதி. செட்டிங்ஸின் தேடும் பெட்டியில் 'பின்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் வந்துவிடும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறுவதால் இதுதான் சுலபம். அதை ஆன் செய்ததும் கீழே இன்னொரு பொத்தான் இருக்கும்: பின்னை எடுக்கும்போது லாக் நம்பர் கேட்கவா என்று. அதையும் ஆன் செய்தால்தான் பலன். இல்லாவிட்டால் பிள்ளை திரையைக் கீழிருந்து மேலே இழுத்துப் பிடித்தாலே வெளியே வந்துவிடும். இனி யூடியூப் கிட்ஸைத் திறந்து, திறந்திருக்கும் ஆப்கள் வரிசைக்குப் போய், அதன் மேலே உள்ள சின்னப் படத்தைத் தொட்டு 'பின்' கொடுங்கள். சில போன்களில் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். பிள்ளைக்கு லாக் நம்பர் ஏற்கெனவே தெரியும் என்றால் அதையும் மாற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

ஃபேமிலி லிங்க் மோசம் என்று சொல்லவில்லை. பர்மா பஜாரில் பழைய போன் ஒன்று வாங்கிப் பிள்ளைக்கே கொடுக்கிறீர்கள் என்றால் அதுதான் சரி. ஆனால் முதலில் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். பழைய ஆள் விட்டுப்போன படமும் வீடியோவும் பிள்ளை கண்ணில் படக் கூடாது.

பின்சேர்க்கை: ஐபோனில் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டிக்குள் கைடட் அக்சஸ் இருக்கிறது, அதுவும் ஒரே ஆப்பில் பூட்டி வைக்கும் வசதிதான். ஆன் செய்துவிட்டு, ஆப்பைத் திறந்து, பக்கவாட்டுப் பட்டனை மூன்று முறை அழுத்தினால் போதும். பழைய மாடலில் ஹோம் பட்டன்.

இன்னொரு பின்சேர்க்கை: ஒரு அக்கா எழுதியிருந்தார்கள். பையன் விளையாடும் கேமில் யாரோ போட்டோ அனுப்பச் சொன்னார்களாம். அவர்கள் பயந்துபோய் எல்லா மெசேஜையும் அழித்துவிட்டார்கள். அழிக்காதீர்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம். பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். அடுத்த முறை நம்மிடம் சொல்லாது. குழந்தைகள் உதவிக்கு 1098. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930, அது சைபர் மோசடிப் புகார் எண். கேமில் சாட் வசதி இருந்தால் அதன் செட்டிங்ஸில் முதலில் அதை அணையுங்கள். அணைக்க வழியே இல்லாத கேம் என்றால் போனிலிருந்து எடுத்துவிடுங்கள், ஒரு நாள் அழுதாலும் பரவாயில்லை.