எட்டு, ஒன்பதாம் மாசத்துல காய்ச்சல் வந்தா
நிறைமாசத்துல காய்ச்சல், சளின்னா மெடிக்கல் ஷாப்ல போய் உடம்பு வலிக்கு ஏதாவது குடுங்கன்னு வாங்கி போட்டுடாதீங்க ப்ளீஸ், அதுல ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி ஏதாவது கலந்திருக்கலாம், 20 வாரத்துக்கு அப்புறம் இதெல்லாம் பனிக்குட தண்ணிய குறைச்சிடலாம், கடைசி மூணு மாசத்துல குழந்தையோட இதயத்துக்கு பக்கத்துல இருக்குற ஒரு ரத்தக்குழாய் முன்னாடியே மூடிக்கவும் வாய்ப்பிருக்கு. வெறும் பாராசிட்டமால்தான் பொதுவா சேஃப், அதுவும் எவ்ளோ, எத்தன தடவைன்னு உங்க டாக்டர்கிட்ட போன்லயாவது கேட்டுக்கோங்க.

100.4 டிகிரி தொட்டுச்சுன்னா அன்னிக்கே போய் காட்டுங்க. மழைக்காலம்னா டெங்குவா இருக்குமான்னு கண்டிப்பா கேளுங்க, டெங்குல ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்கள் குறையலாம், அது ரொம்ப குறைஞ்சிருக்கும்போது பிரசவ வலி வந்தா ரத்தப்போக்கு அதிகமாகலாம், டாக்டருங்க முன்கூட்டியே ரெடியா இருக்கணும்ல.

கஞ்சி, ரசம், இளநீர்னு எதாவது கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிட்டே இருக்கணும். மல்லாக்க படுக்காம ஒருக்களிச்சு படுங்க.

குழந்தை அசைவு குறைஞ்சாலோ, பனிக்குடம் உடைஞ்சாலோ, மூச்சு வாங்குனாலோ, தலைவலியோட கண்ணு மங்கலா தெரிஞ்சாலோ, வீட்ல பெரியவங்க விடியட்டும்னு சொன்னாலும் கேக்காதீங்க, உடனே 108க்கு போன் பண்ணுங்க, செக்கப் நோட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துக்கோங்க.