புது கேமிங் புரொசசருக்கு போர்டும் ரேமும்: கொட்டேஷனில் கவனிக்காமல் விடும் தவறுகள்

கொழும்பு பம்பலப்பிட்டியில் கம்பியூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கி வாங்கிய கொட்டேஷனைப் படம் பிடித்து, "அண்ணா, இது ஓகேயா?" என்று வட்ஸ்அப்பில் அனுப்பும் தம்பிமார் இப்போது அதிகம். அண்மையில் வந்த ஒன்றில் முக்கியமான வரிகள் மூன்று: ரைசன் 7 9800எக்ஸ்3டி புரொசசர், பி650 மதர்போர்ட், 8 ஜிபி டிடிஆர்5 ரேம் நாலு. புரொசசரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேம் விளையாடுவதற்கென்றே எடுத்த முடிவு, நல்ல முடிவு. மற்ற இரண்டு வரிகளையும் பார்த்தால்தான் யோசனை வருகிறது. இரண்டுமே "பொருந்தும்" சாமான்தான். பொருந்தும் என்பதோடு கடைக்காரரின் வேலை முடிந்துவிடும், வாங்குகிறவரின் வேலை முடியாது.

சொக்கெட் ஒன்றுதானே என்று விடுவது

போர்டில் புரொசசர் உட்காரும் இடம்தான் சொக்கெட். ரைசன் செய்யும் ஏஎம்டி கம்பனியின் ஏஎம்5 சொக்கெட் 2022 செப்டெம்பரில் ரைசன் 7000 வரிசையோடு வந்தது. பி650 போர்டுகளும் அந்த வருடத்துச் சரக்குத்தான். 9800எக்ஸ்3டி வெளிவந்ததோ 2024 நவம்பரில். சொக்கெட் மாறவில்லை, புரொசசர் அச்சொட்டாக உட்காரும். ஆனால் ராக்கையில் நெடுநாள் கிடந்த போர்டின் பயோஸுக்கு, அதாவது மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருளுக்கு, இந்தப் புரொசசரைத் தெரியாது. ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். பிறகு ரேம் பழுதோ, பவர் சப்ளை பழுதோ என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதிலேயே சனி ஞாயிறு போய்விடும்.

இதைக் காசு கொடுக்க முன்னமே பார்த்துவிடலாம். போர்டின் முழு மொடல் பெயரைத் தேடினால், அதைச் செய்த கம்பனியின் தளத்தில் எந்தப் புரொசசருக்கு எந்த பயோஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். மொடல் பெயரை கடைசி எழுத்து வரை பாருங்கள். ஒரே பெயரில் வைஃபை உள்ளது, இல்லாதது, சின்ன அளவு, பெரிய அளவு என்று நாலைந்து போர்டு ஓடும். பட்டியலைக் கடைக்காரரிடம் காட்டி, "அண்ணா, இந்த பயோஸைப் போட்டுத் தருவீங்களா?" என்று கேளுங்கள். அநேகமான கடைகளில் செய்து தருவார்கள். இல்லாவிட்டால் புரொசசர் பூட்டாமலே பயோஸ் மாற்றக்கூடிய பட்டன் உள்ள போர்டாக எடுங்கள். எம்எஸ்ஐ அதை ஃபிளாஷ் பயோஸ் பட்டன் என்கிறது, ஜிகாபைட் கியூ-ஃபிளாஷ் பிளஸ் என்கிறது, அசுஸ் பயோஸ் ஃபிளாஷ்பேக் என்கிறது. பென் டிரைவை ஃபேட்32 ஆக ஃபோர்மட் பண்ணி, கம்பனி சொல்கிற பெயரில் ஃபைலைப் போட்டு, அதற்கென்று குறித்த யூஎஸ்பி துளையில் செருகி அழுத்த வேண்டும். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் இந்த வேலையைத் தொடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் வேலை இரட்டிப்பாகும்.

பயோஸ் புதுப்பிப்பது மெஷின் எழும்புவதற்கு மட்டுமல்ல. 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி புரொசசர்கள் சில கருகிப்போன விவகாரம் வந்தபோது, எஸ்ஓசி வோல்ட்டேஜ் (புரொசசரின் ஒரு பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தும் பயோஸைத்தான் ஏஎம்டி மருந்தாகக் கொடுத்தது. இன்டெல் பக்கம் 13ஆம், 14ஆம் தலைமுறைப் புரொசசர்கள் கேமில் அடிக்கடி கிராஷ் ஆன கதைக்கு 2024 ஓகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோட் (புரொசசரின் உள் கட்டளைகளுக்கான திருத்தம்) வந்தது. அதுவும் பயோஸ் வழியாகத்தான். அது இனி வரும் சேதத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கனவே கெட்டுப்போனதை மீட்காது. அந்தத் தலைமுறை ஐ7, ஐ9 கைமாறி மலிவாக வந்தால் நான் இரண்டு தரம் யோசிப்பேன்.

இன்டெல் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. எல்ஜிஏ1700 சொக்கெட் போர்டுகளில் பழைய வகை ரேமான டிடிஆர்4 எடுப்பவையும் உண்டு, புதிய டிடிஆர்5 எடுப்பவையும் உண்டு. பெட்டியில் "டி4" என்ற ஒரு சின்னக் குறிப்பு மட்டுமே வித்தியாசம். இரண்டு ரேமுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்திப் போட்டால் போகும் என்று முயன்றால் ஸ்லொட்தான் உடையும். 2024 ஒக்டோபரில் வந்த எல்ஜிஏ1851க்கும் ஏஎம்5க்கும் இந்தக் குழப்பமே இல்லை. இரண்டும் டிடிஆர்5 மட்டும்.

நாலு ஸ்லொட்டையும் நிரப்புவது

அந்தக் கொட்டேஷனில் எனக்கு மிகவும் கடுப்பேற்றிய வரி இதுதான். நாலு ரேமிலும் கலர் லைட் எரிந்தால் கண்ணாடிப் பக்கத்தால் பார்க்க வடிவாக இருக்கும், உண்மை. ஆனால் நாலு ஸ்லொட் இருந்தாலும் புரொசசருக்குப் போகும் சானல், அதாவது டேட்டா போகும் பாதை, இரண்டுதான். டிடிஆர்5 வேகத்தில் ஒரே சானலில் இரண்டு ரேமைத் தொங்கவிட்டால் சிக்னலைச் சுத்தமாக வைத்திருப்பது கஷ்டம். ஏஎம்டியே எழுதி வைத்திருக்கும் கணக்கு இது: ரைசன் 9000 வரிசைக்கு இரண்டு ரேம் போட்டால் வேகம் 5600, நாலு போட்டால் 3600. அதைவிடக் கூட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடினால் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் யாரிடமும் முறையிட முடியாது.

8 ஜிபி டிடிஆர்5 ரேமில் இன்னொரு குறையும் உண்டு. பெரும்பாலும் நாலே நாலு சிப்பில் செய்யப்படுவதால், 16 ஜிபி ரேமில் உள்ள பாங்க் குரூப்களில் (சிப்புக்குள் டேட்டாவைப் பிரித்து வைக்கும் பகுதிகள்) பாதிதான் அதில் இருக்கும். ஒரே வேக எண் எழுதியிருந்தாலும் வேலையில் பின்னுக்கு நிற்கும். ஆகவே 32 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபி இரண்டு, ஒரே பெட்டியில், ஒரே கிட்டாக. பூட்டும்போது புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லொட். போர்டில் ஏ2, பி2 என்று அச்சடித்திருக்கும்.

2025 கடைசிப் பகுதியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், "இப்ப ஒரு 16 எடுப்பம், மற்றதைப் பிறகு பாப்பம்" என்று சொல்கிறவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் ஒற்றை ரேமில் ஓட்டுவது கொழும்பு காலி வீதியின் ஒரு பக்கத்தை மூடிவிட்டு ஓஃபிஸ் முடியும் நேரத்து வாகனத்தை விடுவது மாதிரித்தான். பிறகு வாங்கும் மற்ற ரேம் அதே மொடலாக இருந்தாலும் உள்ளே வேறு சிப் இருக்கக்கூடும். இரண்டும் தனித்தனியே ஓடும், சேர்த்துப் போட்டால் முரண்டு பிடிக்கும். காசைக் குறைக்க வேண்டுமென்றால் ரேமின் எண்ணிக்கையில் குறைக்காமல் வேகத்தில் குறையுங்கள். இந்த 9800எக்ஸ்3டி புரொசசரில் 96 எம்பி எல்3 கேஷ் (புரொசசருக்குள்ளேயே உள்ள வேக மெமரி) இருக்கிறது. கேமுக்கு வேண்டியதில் பெரும்பங்கு அங்கேயே கிடைப்பதால், மற்றப் புரொசசர்களைப் போல அது ரேம் வேகத்துக்கு ஏங்காது. 5600 கிட் ஒன்று மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம்.

பெரிய எண்ணைப் பார்த்து மயங்குவது

8000 என்று எழுதிய ரேம் 6000ஐ விட நல்லதுதானே என்பது கடையில் இலகுவாக விலைப்படும் வாதம். ஏஎம்5இல் அது அப்படியே வேலை செய்யாது. 6000 வரை, சில புரொசசர்களில் 6400 வரை, புரொசசருக்குள் ரேமைக் கையாளும் மெமரி கொன்ட்ரோலர் ரேமோடு ஒரே நடையில் ஓடும். அதற்கு மேல் போனால் கொன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். கூடக் கொடுத்த காசின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துபோகும்.

ரேம் பதில் கொடுக்க எடுக்கும் தாமதத்தைக் குறிக்கும் சிஎல் எண்ணையும் பாருங்கள். கணக்கு சுலபம்: சிஎல்லை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நனோ செக்கனில் தாமதம் வரும். 6000 சிஎல்30 என்றால் 10. 6000 சிஎல்36 என்றால் 12. 8000 சிஎல்40 என்றாலும் அதே 10தான். பழைய டிடிஆர்4 3200 சிஎல்16ஐப் போட்டுப் பாருங்கள், அதுவும் 10. கடையில் நின்றபடியே போன் கல்குலேட்டரில் தட்டிப் பார்க்கலாம்.

இனி, 6000 வாங்கியவர்களில் எத்தனை பேர் 6000இல் ஓட்டுகிறார்கள் என்பது வேறு கதை. ரேம் பெட்டியிலிருந்து வந்ததும் 4800 போன்ற அடிப்படை வேகத்தில்தான் எழும்பும். பயோஸுக்குள் போய், ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்போவை, இன்டெல் என்றால் எக்ஸ்எம்பியை, ஒன் பண்ண வேண்டும். விண்டோஸில் டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்தினால் வேகம் தெரியும். அங்கே 4800 என்று இருந்தால், 6000க்குக் கொடுத்த காசு இன்னும் வேலைக்கு வரவில்லை.

முதல் தடவை எழும்பும்போதும், எக்ஸ்போ போட்ட பிறகும், திரை சில நிமிடம் கறுப்பாக இருக்கலாம். போர்ட் ரேமோடு ஒத்துப்போகும் அமைப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது, மெமரி ட்ரெயினிங் என்பார்கள். பயந்து சுவிட்சை அமத்தினால் அது திரும்ப முதலிலிருந்து தொடங்கும். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

போர்டுக்கு அள்ளிக் கொடுப்பது, அல்லது கிள்ளிக் கொடுப்பது

விலை கூடிய போர்டால் கேமில் எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தனை படம் என்ற எண்) ஏறாது. அதே ஏஎம்5 சொக்கெட்டில் வரும் எக்ஸ்870 போர்டுகளில் யூஎஸ்பி4 என்ற வேகமான யூஎஸ்பி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது ஏஎம்டியின் விதி, அதனாலும் விலை ஏறுகிறது. வெளியில் வேக டிரைவ் கொழுவி வீடியோ வெட்டுகிறவருக்கு அது பயன்படும். கேம் மட்டும் விளையாடுகிறவருக்கு அந்தக் காசு கிராபிக்ஸ் கார்டில் கிடந்தால் எவ்வளவோ மேல். அதோடு பல எக்ஸ்870 போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லொட்டும் யூஎஸ்பி4உம் ஒரே பாதையைப் பங்குபோடும். இரண்டாவது எஸ்எஸ்டி போட நினைப்பவர் மனுவலில் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு வாங்க வேண்டும்.

மறுபக்கம், மலிவென்று அடிமட்டத்துக்கும் போகாதீர்கள். புரொசசருக்குக் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் விஆர்எம் பகுதி சூடேறும். குளிர்நாட்டில் இருந்துகொண்டு "ஹீட்சிங்க் இல்லாமலே ஓடுகிறது" என்று யூடியூப்பில் சொல்வதை ஏசி இல்லாத கொழும்பு அறைக்கு அப்படியே எடுக்க முடியாது. இங்கே அறையே 30 பாகையில் இருக்கிறது. சொக்கெட்டின் இடப்பக்கமும் மேலேயும் உலோக ஹீட்சிங்க் பூட்டியிருக்கிறதா என்று பெட்டிப் படத்திலேயே பார்க்கலாம். 9800எக்ஸ்3டிக்கு 120 வொட் என்று கணக்கு, உச்ச வரம்பு 162 வொட், கேமில் பெரும்பாலும் அதற்கும் நன்றாகக் கீழே. ஆகவே ஹீட்சிங்க் உள்ள நடுத்தர பி650 அல்லது பி850 தாராளம். பி840ஐ மட்டும் பெயரைப் பார்த்து பி850இன் தம்பி என்று எண்ணிவிடாதீர்கள். மற்றச் சாமான்களை இணைக்கும் அதன் சிப்செட் பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ 3.0, புரொசசரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்குளொக்கும் இல்லை.

வைஃபை வேண்டுமா என்பதை ரவுட்டர் எந்த அறையில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கட்டும்.

பில்லின் பின்பக்கத்தை வாசிக்காமல் வருவது

இங்கே பல பில்களில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று சின்ன எழுத்தில் இருக்கும். எரிந்த அடையாளம், துரு, உடைவு, வளைந்த பின் எதற்கும் வொரண்டி இல்லை என்றும் இருக்கும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் இருப்பவர்கள் "துரு" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உப்புக் காற்று நேரே வரும் ஜன்னலோரத்தில் மெஷினை வைத்தால் பின்பக்கத் துளைகளில் அது முதலில் தெரியும்.

வளைந்த பின்தான் பெரிய தலைவலி. ஏஎம்4 காலத்தில் பின்கள் புரொசசரில் இருந்தன. ஏஎம்5இலும் இன்டெலிலும் அவை போர்டின் சொக்கெட்டுக்குள், தலைமயிர் போல் மெல்லியதாக நிற்கின்றன. கடையை விட்டு வெளிக்கிட முன் பெட்டியைத் திறந்து, மூடியைத் தூக்கி, கடைக்காரர் முன்னிலையில் போன் டோர்ச் அடித்து ஒரு படம் எடுங்கள். நேரான வரிசையில் ஒரு பின் சாய்ந்திருந்தாலும் வெளிச்சத்தில் வேறு விதமாக மின்னும். பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் பில்லில் எழுதியதும் ஒன்றா என்றும் அப்போதே பாருங்கள். புரொசசர் பூட்டும்போது கழன்று வரும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போடாமல் போர்ட் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்; வொரண்டிக்குக் கொண்டுபோகும்போது அதையும் கேட்பார்கள்.