டர்போவை மாற்றும் முன் அந்தக் கம்பியைப் பாருங்கள்

"டர்போ (எஞ்சின் புகையால் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் கருவி) போச்சு, மாத்தணும்" என்று யாராவது டீசல் வண்டியைக் கொண்டுவந்தால் நான் முதலில் ஸ்கேனரை எடுப்பதில்லை. பானெட்டைத் திறந்து, டர்போ பக்கம் டார்ச் அடித்துக்கொண்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்வேன். அங்கே ஒரு வட்ட டப்பாவும் (இதுதான் ஆக்சுவேட்டர்) அதிலிருந்து வரும் மெல்லிய கம்பியும் தெரியும். பெரும்பாலான வாக்குவம் டைப் (காற்றை உறிஞ்சும் விசையால் கம்பி நகரும்) டர்போக்களில் ஸ்டார்ட் ஆனதும் கம்பி உள்ளே இழுபடும், ஆஃப் செய்ததும் வழுக்கிக்கொண்டு திரும்பும். திக்கித் திக்கி நகர்ந்தால் உள்ளே கரி. நகரவே இல்லையென்றால் டப்பாவுக்கு வரும் வாக்குவம் ஹோஸைச் சோதியுங்கள்.

அந்தக் கம்பி ஒரு வளையத்தைத் திருப்புகிறது. வளையம், புகையால் சுற்றும் டர்பைன் சக்கரத்தைச் சுற்றி நிற்கும் சின்னச் சின்ன இறக்கைகளைத் திருப்புகிறது. இறக்கைகள் இப்படித் திரும்பும் டர்போவைத்தான் வி.ஜி.டி. என்கிறார்கள். வாயை அகலத் திறந்து ஊதுங்கள், அப்புறம் உதட்டைக் குவித்து ஊதிப் பாருங்கள். அதே மூச்சுதான், வேகம் வேறு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு என்பதால் இறக்கைகள் இடைவெளியைக் குறுக்கி, அந்தக் கொஞ்சத்தையும் வேகமாகச் சக்கரத்தில் அடிக்க வைக்கின்றன. ஆர்.பி.எம். ஏறினால் விரிந்து வழிவிடுகின்றன. இது டீசல் கதை; பெட்ரோல் புகையின் சூடு இன்னும் அதிகம். அதைத் தாங்கும் உலோகத்தோடு 2006-இல் போர்ஷே 911 டர்போ என்ற பெட்ரோல் காரில் இந்த இறக்கை டர்போ வந்தது.

எதிரி புகைக்கரிதான். எப்போதும் குட்டிப் பயணம், மெதுவான ஓட்டம் என்றால் இறக்கைகள் ஒரே இடத்தில் நின்று இறுகிவிடும். மூடிய நிலையில் சிக்கினால் ஏற்றத்தில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) எகிறி வண்டி லிம்ப் மோடுக்குப் போகும், அதாவது எஞ்சினைக் காக்க கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும்; ஆஃப் செய்து போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். திறந்தபடி சிக்கினால் பிக்கப் இல்லை, கறுப்புப் புகை.

என் சொந்த வண்டிக்கே ஒருமுறை அவசரப்பட்டு டர்போ மாற்றினேன். பிக்கப் திரும்பவில்லை. பழையதைப் பிரித்தால் உள்ளே சுத்தம். வாக்குவம் ஹோஸின் அடிப்பக்கத்தில், விரலால் வளைத்தால் மட்டும் வாய் திறக்கும் ஒரு வெடிப்பு! அன்றிலிருந்து கை வாக்குவம் பம்ப் இல்லாமல் டர்போவைத் தொடுவதில்லை. ஆக்சுவேட்டரில் மாட்டி இழுங்கள். கம்பி சீராக நகர வேண்டும், பம்ப் மீட்டரின் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு (டயாஃபிரம்) கிழிந்திருக்கிறது. வாக்குவத்துக்குப் பதில் மோட்டாரால் நகரும் எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டரைக் கையால் நெம்பாதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் போய்விடும். அதற்கு ஸ்கேனர்தான் சரி.

கரி என்று உறுதியானால் டர்போவை இறக்கி, டர்பைன் கூட்டில் அடையாளம் கீறிவிட்டுக் கழற்றுங்கள். ஊறவைத்து, பிரஷால் தேய்த்தால் போதும். நெம்புகோல் வேண்டாம். இறக்கைகள் எதுவரை மூடலாம் என்று தடுக்கும் ஸ்டாப் ஸ்குருவைச் சத்தியமாகத் தொடாதீர்கள். அது தொழிற்சாலையில் காற்றோட்டம் அளந்து வைத்தது.

மற்றபடி பராமரிப்பு பெரிய வித்தையில்லை. கம்பெனி சொன்ன கிரேடு ஆயில், சொன்ன நேரத்தில், டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) இருந்தால் சாம்பல் குறைந்த ஆயில். நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுற்றும் தண்டு அந்த ஆயில் படலத்தில்தான் மிதக்கிறது. விரட்டி ஓட்டி வந்தால் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். அவ்வப்போது, எஞ்சின் சூடேறிய பிறகு, நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் நன்றாக மிதியுங்கள்.

டர்போவைத் திரும்ப மாட்டும்போது ஆயில் துளையில் புது ஆயில் ஊற்றி, சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை கொஞ்சம் கொஞ்சமாக கிராங்க் செய்யுங்கள் (ஸ்டார்ட் ஆகாமல் எஞ்சினைச் சுற்றவிடுவது). அதற்கப்புறம்தான் ஸ்டார்ட்.