பதக்கம் உண்டு, பதிவில் இல்லை: அமெரிக்கப் படைவீரர் ஆவணத் திருத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் படைகளில் முழுநேரப் பணியை முடித்து வெளியேறுபவர்களுக்கு 'டிடி 214' என்னும் படிவம் தரப்படுகிறது. 1950 முதல் வழக்கிலுள்ள இந்தத் தாள்தான், ஒருவர் எவ்வளவு காலம் பணியாற்றினார், எந்த நிலையில் விடுவிக்கப்பட்டார், என்னென்ன விருதுகளுக்கு உரியவர் என்பதற்கு வாழ்நாள் முழுவதும் சான்றாக நிற்கிறது. விருதுகள் இன்றைய படிவத்தில் 13-ஆம் கட்டத்திலும், வியட்நாம் போர்க்காலப் படிவத்தில் 24-ஆம் கட்டத்திலும் பதியப்படுகின்றன. ஊர் திரும்பும் அவசரத்தில் இருக்கும் இளைஞர் அந்தக் கட்டத்தைச் சரிபார்ப்பதில்லை. அன்று தம் மேசைக்கு வந்திருந்த கோப்பை மட்டும் பார்த்துத் தட்டச்சு செய்த எழுத்தருக்கு, பின்னால் வரவிருந்த ஆணைகள் தெரிந்திருக்க வழியில்லை. விடுபட்டது பல பத்தாண்டுகள் விடுபட்டபடியே கிடந்துவிடுகிறது.

இதைப் பெருமை தொடர்பான சிறு குறையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவருக்குத் தரப்படும் 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் பதிவில் இருந்தால், முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவச் சேவையில் மூன்றாம் முன்னுரிமைப் பிரிவிலேனும் இடம் கிடைக்கும். போர்முனை அனுபவத்தால் வந்த மனநோய்க்கு இழப்பீடு கேட்கும்போது, போர்ச் சின்னங்கள் அந்த அனுபவத்துக்கே சான்றாக ஏற்கப்படுகின்றன. அரசு தரும் கல்லறைக் கல்லில் ஒரு விருதின் பெயரைப் பொறிக்கவும் ஆவணம் வேண்டும். 2009-க்குப் பிறகு, சிறப்பு மொழித்திறன் கொண்ட வெளிநாட்டவரைச் சேர்த்த 'மாவ்னி' திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. ஆகவே தமிழ்க் குடும்பங்களிலும் இந்தப் படிவத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் உண்டு.

விண்ணப்பங்கள் தோற்பதற்கு முதன்மையான காரணம், இரண்டு வேறுபட்ட குறைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது என்பது என் உறுதியான கருத்து. 'எனக்கு உரிய விருது பதிவில் ஏறவில்லை' என்பது ஒன்று. 'நான் செய்த செயலுக்கு ஒரு விருது தரப்பட்டிருக்க வேண்டும், யாரும் தரவில்லை' என்பது முற்றிலும் வேறு. சேவைப் பதக்கங்களும் போர்க்களப் பதக்கங்களும் முதல் வகையில் அடங்கும். இன்ன காலத்தில், இன்ன இடத்தில், இத்தனை நாள் இருந்தார் என்று காட்டிவிட்டால் போதும், யாருடைய பரிந்துரையும் வேண்டியதில்லை. 1965 ஜூலை 4 முதல் 1973 மார்ச் 28 வரையிலான காலத்தில் வியட்நாம் போர்ப் பகுதியில் பணியாற்றியவர்களுக்கான வியட்நாம் சேவைப் பதக்கம் இப்படிப்பட்டது. வெண்கல நட்சத்திரம், வெள்ளி நட்சத்திரம் போன்ற தனிநபர் விருதுகளுக்கோ மேலதிகாரியின் பரிந்துரையும், அதை ஏற்றுப் பிறப்பித்த ஆணையும் இருந்தாக வேண்டும். ஆணை பிறந்து படிவத்தில் ஏறாமல் போயிருந்தால் அது பதிவுத் திருத்தம். ஆணையே இல்லையென்றால் திருத்துவதற்கு ஒன்றுமில்லை; புதிதாகப் பரிந்துரைதான் எழுப்ப வேண்டும். அதற்கான கால வரம்பு கடந்திருந்தாலும், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாக மறுபரிசீலனை கோர அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் 1130-ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்த வேறுபாடு தெரியாமல், தம் வீரச்செயலை உருக்கமாக விவரித்து, படை ஆவணப் பிழைகளைத் திருத்தும் வாரியத்துக்கு எழுதி, ஆணையின் நகல் இல்லை என்ற ஒற்றை வரியில் மறுப்புப் பெறுபவர்கள் பலர். அவர்கள் சொன்னது பொய்யென்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. அவர்கள் தட்டியது வேறு கதவு, அவ்வளவுதான்.

இரண்டுக்கும் நடுவே நிற்கும் விருதுகளில் தடுமாற்றம் இன்னும் அதிகம். பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்துக்கு வீரச்செயல் தேவையில்லை. ஆனால் காயம் எதிரியின் தாக்குதலால் ஏற்பட்டிருக்க வேண்டும், மருத்துவப் பணியாளரின் சிகிச்சை தேவைப்பட்டிருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை பதிவாகியிருக்க வேண்டும். வண்டி கவிழ்ந்து கால் முறிந்ததைப் போர்க்களத்தில் நடந்தது என்பதால் மட்டும் இதில் சேர்க்க முடியாது. காலாட்படைப் போர்ச் சின்னமோ, காலாட்படை அல்லது சிறப்புப் படைப் பணிக்குறியீடு உடையவராய், பிரிகேடு அளவு அல்லது அதற்குச் சிறிய அத்தகைய அமைப்பில் இருந்து, நேரடித் தரைப்போரில் பங்கேற்றவருக்கு மட்டும் உரியது. பீரங்கிப் படையிலோ போக்குவரத்துப் படையிலோ இருந்தவர் எவ்வளவு கடுமையாகப் போரிட்டிருந்தாலும் அதைப் பெற முடியாது. மற்றப் பிரிவினருக்காகப் பின்னர் ஏற்படுத்தப்பட்ட போர்ச் செயல் சின்னமும் 2001 செப்டம்பர் 18-க்குப் பிந்தைய பணிக்கே பொருந்தும் என்பதால், வியட்நாம் போரில் பணியாற்றியவர்கள் அதையும் கேட்க இயலாது. இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஆனால் வாரியம் விதியை மாற்றி எழுதும் இடமன்று.

நேர்மாறான தவறும் நடக்கிறது. தமக்கு உரியவை என்னென்ன என்று தெரியாமலேயே ஒரே ஒரு பதக்கத்தைக் கேட்டு நின்றுவிடுகிறார்கள். வெளியேறிய நாளில் இல்லாத விருதுகள் பிற்காலச் சட்டங்களால் பிறந்திருக்கின்றன. 2002-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் ஏற்பட்ட கொரியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம் 1954 ஜூலை 28 வரை பின்னோக்கிச் செல்கிறது. தொடர்ந்து 30 நாளோ, விட்டுவிட்டு 60 நாளோ தென்கொரியாவில் பணியாற்றியிருந்தால் போதும். 1960-களில் அங்கே இருந்துவிட்டு வந்தவரின் படிவத்தில் அது எப்படி இருக்கும்? கொரியப் போர் வீரர்களுக்கு அந்நாட்டு அரசு 1951-லேயே வழங்க முன்வந்த பதக்கத்தை அமெரிக்க அரசு ஏற்றது 1999-இல்தான். வியட்நாமில் இருந்த ராணுவப் பிரிவுகள் அனைத்துக்கும் அந்நாட்டின் வீரச் சிலுவைப் படைப்பிரிவுப் பாராட்டு 1974-ஆம் ஆண்டின் எட்டாம் எண் பொது ஆணையால் உறுதியானது. அதற்குள் பெரும்பாலோர் வீடு திரும்பியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் காலாட்படைப் போர்ச் சின்னம் பெற்றவர்கள், விதிவிலக்காக, அதன் அடிப்படையிலேயே வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கு உரியவர்களாகப் பின்னர் அறிவிக்கப்பட்டார்கள். வியட்நாம் போர் 17 போர்க்கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்க, சேவைப் பதக்கத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சிறு வெண்கல விண்மீன் சேர வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஆகவே தம் பணிக்காலத்தின் தேதிகளையும் படைப்பிரிவின் பெயரையும் கையில் வைத்துக்கொண்டு முழுப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அனைத்தையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்பதே முறை. பனிப்போர் அங்கீகாரச் சான்றிதழை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம், அது பதக்கமன்று.

அடுத்து, வரிசை தவறுதல். பலர் எடுத்த எடுப்பில் 'டிடி 149' விண்ணப்பத்தை நிரப்பித் திருத்த வாரியத்துக்கு அனுப்புகிறார்கள். ராணுவத்துக்கு ஒரு வாரியம், கடற்படைக்கும் மரைன் படைக்கும் சேர்த்து ஒன்று, விமானப்படைக்கு ஒன்று, கடலோரக் காவல் படைக்கு ஒன்று என அவை தனித்தனியே இயங்குகின்றன. அவை கடைசிப் படிகள். ஆவணத்தைப் பார்த்தாலே தெரியும் விடுபாட்டை அந்தந்தப் படையின் விருதுப் பிரிவே சரிசெய்து, 'டிடி 215' என்ற திருத்தத் தாளை வழங்கிவிடும். ராணுவத்துக்கு இப்பணி கென்டக்கி மாநிலத்தின் ஃபோர்ட் நாக்ஸில் நடக்கிறது. அந்த வழியை முயலாமல் வந்த விண்ணப்பத்தை வாரியம் திருப்பி அனுப்பலாம். இடையில் மாதங்கள் வீணாகும். விடுவிப்பு மறுஆய்வு வாரியம் என்று இன்னொன்றும் உண்டு. அது விடுவிப்பின் தன்மையை ஆராய்வதற்கானது. விருதுக் கோரிக்கையை அங்கே அனுப்பிப் பயனில்லை.

எந்த விண்ணப்பத்துக்கும் முன்னால், செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்திலிருந்து 180-ஆம் எண் படிவத்தின் வழியாகத் தம் முழுக் கோப்பையும் வரவழைத்துப் படிக்க வேண்டும். வெறும் 214 படிவத்தின் நகல் போதாது. விருது ஆணையோ, காயத்துக்கான மருத்துவக் குறிப்போ அந்தக் கோப்புக்குள்ளேயே கிடப்பதுண்டு. ராணுவத்திலும் விமானப்படையிலும் 1969 ஜூலைக்கு முன் பணியாற்றியவர்கள் பழைய சேவை எண்ணையும் குறிப்பிட வேண்டும். அந்த மாதத்தில்தான் அவற்றில் சமூகப் பாதுகாப்பு எண் அதன் இடத்துக்கு வந்தது.

இங்கேதான் பலரைச் சோர்வடையச் செய்யும் பதில் வருகிறது: 'உங்கள் கோப்பு தீயில் அழிந்திருக்கலாம்.' 1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் மூண்ட தீயில் 160 முதல் 180 லட்சம் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை ராணுவத்திலிருந்து வெளியேறியவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடும், 1947 செப்டம்பர் 25 முதல் 1964 ஜனவரி 1 வரை வெளியேறிய விமானப்படையினரில், அகரவரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின் வருவோரின் கோப்புகளில் 75 விழுக்காடும் போயின. நுண்படச் சுருளில் நகல் எடுத்திருக்கவில்லை. ஆனால் கடற்படை, மரைன் படைக் கோப்புகளை அந்தத் தீ தொடவில்லை. 1968-இல் வெளியேறிய ராணுவ வீரரின் கோப்பும் அந்தக் கணக்கில் வராது. எனவே அந்தப் பதிலைப் பெற்றவர் முதலில் தம் படையையும் தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உண்மையிலேயே எரிந்திருந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. யார் எந்த நாளில் காயம்பட்டார், யார் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார் என்பதைப் படைப்பிரிவுகள் நாள்தோறும் எழுதிய காலை அறிக்கைகள் தனியே பாதுகாக்கப்பட்டுள்ளன. கடைசிச் சம்பளச் சீட்டுகள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர், கொரியப் போர்க் காலத்து மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்புகள் ஓரளவு உள்ளன. முன்பு இழப்பீடு கோரியவர்களுக்கு நலத்துறையில் தனிக் கோப்பு இருக்கும். மாதமும் படைப்பிரிவின் முழுப் பெயரும் தெரியாமல் காலை அறிக்கையைத் தேட முடியாது. 'போரின்போது ஒருநாள்' என்று எழுதினால் யாராலும் உதவ இயலாது.

சான்றைப் பொறுத்தவரை, மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. அலுவலகம் தன் வேலையை முறையாகச் செய்தது என்ற அனுமானத்துடனேயே வாரியம் தொடங்குகிறது. சீருடையில் பதக்கம் அணிந்த புகைப்படமோ, வீட்டுப் பெட்டியில் இருக்கும் பதக்கமோ அந்த அனுமானத்தை அசைக்காது. உடனிருந்த தோழரின் வாக்குமூலம் மதிப்புள்ளது. ஆனால் அவர் தாமே கண்டதை, நாளும் இடமும் சொல்லி, கையொப்பமிட்டு எழுத வேண்டும். 'அவர் நல்ல வீரர்' என்ற பத்துக் கடிதங்களைவிட, 'நான்தான் அவர் தோளில் கட்டுப் போட்டேன்' என்று மருத்துவப் பணியாளர் எழுதிய ஒரு பக்கம் மேலானது. மூல ஆவணங்களை அனுப்பாமல் நகல்களையே அனுப்ப வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது.

தவறு தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதியைப் படித்துவிட்டு, எண்பது வயதில் எதற்கு என்று விட்டுவிடுபவர்களை நினைத்து வருந்துகிறேன். நீதியின் பொருட்டு அந்த வரம்பைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. படிவத்தில் அதற்கென உள்ள கேள்வியை வெறுமையாக விடாமல், தாமதத்தின் காரணத்தை எழுத வேண்டும். மறுக்கப்பட்ட விண்ணப்பத்தையும், முன்பு காட்டாத புதிய சான்று கிடைத்தால், எத்தனை ஆண்டு கழித்தும் மறுபடி முன்வைக்கலாம். வீரர் இறந்திருந்தால் துணைவரோ பிள்ளைகளோ விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றையும் உறவுச் சான்றையும் இணைக்க மறந்துவிடுவதே அவர்கள் செய்யும் வழக்கமான பிழை.

பொறுமையிழந்து 214 படிவத்தில் தாமே ஒரு வரியைச் சேர்த்துவிடுவது குற்றம். நலன் பெறும் நோக்கில் பொய்யாக உயர் விருதுகளைச் சொல்லிக்கொள்வதும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. உண்மையிலேயே அந்த விருதுக்கு உரியவர்கூட இப்படி ஒரு வரி எழுதி, தம் முழுக் கோப்பையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடக் கூடும்.

திருத்தம் ஏற்கப்பட்டால் வருவது பெரும்பாலும் புதிய 214 அன்று. 215 என்ற தனித் தாள். பழைய படிவம் அப்படியே இருக்கும். ஆகவே 215 கைக்கு வந்ததும் ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்து, இரண்டையும் ஒன்றாக வைத்து, நலத்துறைக்கும் ஒரு நகல் அனுப்பி, இறுதிச் சடங்கை நடத்தப்போகும் பிள்ளைகளிடம் இரண்டு தாள்களும் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவைக்க வேண்டும். பழைய தாளை மட்டும் நீட்டினால், கல்லறைக் கல்லில் பொறிப்பவருக்கு அந்தப் பதக்கம் அப்போதும் தெரியாது.