'கெட்' என்ற சொல்லில் நாம் சறுக்கும் இடங்கள்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கியதுமே 'கெட்' நமக்கு அறிமுகமாகிவிடும். பொருள், 'பெறு'. அந்த ஒற்றைப் பொருளோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரிய தவறு. வருடக்கணக்கில் ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட இந்தச் சொல்லில் தடுமாறுவது இதனால்தான்.

சுமார் 1200 வாக்கில் ஸ்காண்டிநேவியாவில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொல் இது. இத்தனை நூற்றாண்டுகளில் அது ஏற்றுக்கொண்ட வேலைகளை எல்லாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு என்பேன். அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள், போதும். பெயர்ச்சொல் வந்தால் பெரும்பாலும் கிடைப்பது அல்லது வாங்குவது. இடம் வந்தால் போய்ச் சேர்வது. பெயரடை வந்தால் ஒரு நிலைக்கு மாறுவது: 'இட் இஸ் கெட்டிங் டார்க்' என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது.

இந்தக் கடைசி வகையில்தான் தமிழ் நம்மை இழுத்துவிடுகிறது. நமக்குக் கோபம் வரும், பசி எடுக்கும். அதே நினைப்பில் 'ஐ காட் ஆங்கர்' என்று சொல்லிவிடுகிறோம் ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகால வடிவம்). ஆங்கிலத்தில் மாறுவது மனிதர். அதனால் 'ஐ காட் ஆங்ரி', 'ஐ காட் ஹங்ரி' என்று பெயரடைதான் வர வேண்டும். 'ஐ வாஸ் ஆங்ரி' என்பதும் சரிதான், ஆனால் அது கோபமாக இருந்த நிலையைச் சொல்கிறது. கோபம் வந்த அந்தத் தருணத்தைச் சொல்ல 'காட்' வேண்டும்.

இடத்துக்கு வருவோம். 'கெட் டு தி ஆபீஸ்' சரி, 'கெட் டு ஹோம்' தவறு. 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' மூன்றும் இங்கே வினையடைகள், அவற்றுக்கு முன்னால் 'டு' வராது. 'கெட் ஹோம்' என்றாலே வீடு போய்ச் சேர்ந்தாயிற்று.

பஸ்ஸிலிருந்து இறங்குவதை இந்திய ஆங்கிலத்தில் 'கெட் டவுன்' என்கிறோம். நமக்குள் அது புரியும். ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ 'கெட் டவுன்!' என்று கத்தினால், குனிந்துகொள்ளச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். பஸ், ரயில், விமானம் போல எழுந்து நடக்க இடமுள்ள வண்டிகளுக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. காருக்கு 'கெட் இன்', 'கெட் அவுட்'.

அடுத்தது, நாம் அதிகம் பயன்படுத்தாமல் விட்டுவைத்திருக்கும் அமைப்பு. சலூனுக்குப் போய் வந்தவர் 'ஐ கட் மை ஹேர்' என்றால், தானே கத்தரிக்கோலை எடுத்ததாகத் தோன்றலாம். இன்னொருவரைக் கொண்டு செய்துகொண்டதைச் சொல்ல 'ஐ காட் மை ஹேர் கட்'. போன் பழுதுபார்த்ததும் அப்படித்தான்: 'ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்'. வரிசை முக்கியம். 'காட் ரிப்பேர்ட் மை ஃபோன்' என்று மாற்றினால் வாக்கியமே உடைந்துவிடும். அந்த இன்னொருவரைக் குறிப்பிட வேண்டுமானால் 'டு' சேரும்: 'ஐ காட் ஹிம் டு சைன்'. இதையே 'ஐ மேட் ஹிம் சைன்' என்றால் 'டு' கிடையாது, பொருளும் மாறுகிறது. முன்னது சொல்லிப் புரியவைத்துக் கையெழுத்து வாங்குவது. பின்னதில் கட்டாயம் தெரிகிறது.

'டிட் யூ காட் இட்?' என்ற கேள்வியை எங்கும் கேட்கலாம். 'டிட்' வந்த பிறகு இறந்தகாலம் மறுபடி தேவையில்லை. 'டிட் யூ கெட் இட்?' என்பதே சரி.

'யூஸ்ட் டு' பக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். 'ஐ யூஸ்ட் டு வேக் அப் எர்லி' என்றால் முன்பு சீக்கிரம் எழும் வழக்கம் இருந்தது, பெரும்பாலும் இப்போது இல்லை. 'ஐ காட் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி' என்றால் அது பழகிவிட்டது. ஒரு 'காட்' விட்டுப்போனால் பொருள் ஏறக்குறைய தலைகீழ்.

'ஹாவ்' உடன் 'காட்'டுக்குப் பதிலாக வரும் 'காட்டன்' (gotten) என்ற வடிவத்தைத் தவறென்று திருத்தாதீர்கள். பிரிட்டனில் பெரும்பாலும் வழக்கொழிந்த அந்தப் பழைய வடிவம் அமெரிக்காவில் தொடர்கிறது. ஆனால் அவர்களும் எல்லா இடத்திலும் அதைப் போடுவதில்லை. 'ஐ ஹாவ் காட் அ கார்' என்றால் என்னிடம் கார் இருக்கிறது. 'ஐ ஹாவ் காட்டன் அ கார்' என்றால் வாங்கியிருக்கிறேன். ஒரு தம்பி இருக்கிறான் என்பதற்கு 'காட்டன்' போட்டால் அமெரிக்கரும் விழிப்பார்.

அப்புறம், எழுத்து. விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் 'வீ காட் யுவர் லெட்டர்' என்பதைவிட 'ரிசீவ்ட்' பொருத்தம். அதற்காக 'கெட்' எல்லாவற்றையும் களைய வேண்டாம். 'கெட் ரிட் ஆஃப்', 'கெட் யூஸ்ட் டு' போன்ற தொடர்களை அப்படியே விடுங்கள். அவற்றுக்குப் பதிலாகக் கனமான சொற்களைத் தேடிப் போட்டால் கடிதம் விறைப்பாகிவிடும்.